கண்டாங்கியை டிசைன் பண்ணது யாரு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்தப் புடவையை இன்ஸ்டாகிராமில் நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. கறுப்பும் அரக்குச் சிவப்புமா பெரிய பெரிய கட்டம், இல்லைன்னா கடுகு மஞ்சள். ஒரு சாண் அகலத்துக்குப் பார்டர். கீழே ஆத்தங்குடி டைல்ஸ் தரை, பக்கத்துல பர்மா தேக்குத் தூண், தூணில் சாய்ந்து செருப்பில்லாம ஒரு மாடல். படத்துக்கு அடியில் ஒரு பிராண்டு பேரு, ஒரு விலை, ‘செட்டிநாடு கண்டாங்கி’ன்னு ஒரு ஹேஷ்டேக்.

ஒரு கவுனைக் காட்டி இதை டிசைன் பண்ணது யாருன்னு கேட்டா ஒரு பேரு சொல்லுவாங்க. இந்தப் புடவையைக் காட்டிக் கேட்டா, ‘அது பாரம்பரியம்ங்க’ன்னு பதில் வரும். எனக்கு அந்தப் பதில் போதலை. பாரம்பரியம் தறியில் வந்து உட்காராது. எந்த நிறம், எத்தனை இழை, எவ்வளவு அகலம் என்பதை யாரோ சிலர் ஒவ்வொரு காலத்திலும் முடிவு பண்ணியிருக்காங்க. அவங்க யாருன்னு தேடறதுதான் இன்னைக்கு வேலை. காரைக்குடியில் தொடங்கி வெளியே கொஞ்சம் சுத்திட்டு, திரும்பவும் காரைக்குடிக்கே வருவோம்.

முதல்ல பேரு. கண்டாங்கின்னா உங்கள்ல பலருக்கு 2014-ல் வந்த ‘ஜில்லா’ படத்துல விஜய் பாடின டூயட் ஞாபகம் வரும். அந்தச் சொல் சினிமாவுக்கு ரொம்ப முந்தினது. செட்டிநாட்டுக்கு மட்டும் சொந்தமானதும் இல்ல. கட்டம் போட்ட பருத்திச் சேலைக்குத் தமிழ்நாட்டில் பல பக்கம் வழங்கிய பொதுப்பெயர் அது. நாட்டுப்புறப் பாடல்களில் கண்டாங்கி கட்டி வருகிறவளைப் பாருங்க: களை எடுக்கப் போறவ, நாத்து நடப் போறவ, சந்தைக்குக் கூடை தூக்கிப் போறவ. இன்றைய விளம்பரத்தில் அதே சேலை அரண்மனை வீட்டுச் சேலையாகிவிட்டது. செட்டிநாட்டுப் பெரிய வீட்டு ஆச்சிகள் கண்டாங்கி கட்டினாங்க என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு உண்மை மட்டும் போட்டோவுக்கு வந்தது, மற்றது வரவில்லை.

சேலையையே சாட்சிக்குக் கூப்பிடலாம். பழைய கண்டாங்கி தடித்த நூலில் நெய்தது. அகலம் குறைவு, அதனால் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். கொசுவத்தை முன்னால் வைக்காமல் பின்னால் வைத்துக் கட்டுவார்கள், பின்கொசுவம். குனிந்து நிமிர, படியேற, உட்கார்ந்து எழ வசதி. அழுக்குத் தெரியாத அடர் நிறங்கள். அடித்துத் துவைத்தாலும் தாங்கும். இது சும்மா உட்கார்ந்திருப்பவருக்காக யோசித்த உடை இல்ல. பெரிய வீட்டிலும் சரி, வயலிலும் சரி, வேலை செய்கிற உடம்புக்காக யோசித்த உடை. ஆச்சி வீட்டில் இரண்டாயிரம் பேர் சாப்பிடுகிற கல்யாணத்தை நடத்துவதும் வேலைதானே.

சரி, கட்டம் எப்படி வருது? கொஞ்சம் பொறுமையா கேளுங்க, இதுலதான் விஷயமே இருக்கு. தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல் பாவு. குறுக்கே நாடா கொண்டு போகிற நூல் ஊடை. பாவில் இத்தனை இழை கறுப்பு, அடுத்து இத்தனை இழை சிவப்பு என்று வரிசைப்படுத்தினால் கோடு வரும். ஊடையிலும் அதே கணக்கில் நிறத்தை மாற்றிக்கொண்டே போனால் கட்டம். காஞ்சிபுரம் பட்டில் மயிலும் அன்னமும் வரணும்னா தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி வேணும், துளை போட்ட அட்டைகள் வேணும். கண்டாங்கிக்கு அதெல்லாம் வேண்டாம். எண்ணத் தெரிஞ்சா போதும்.

எண்ணத் தெரிஞ்சா போதும்னு நான் சுலபமா சொல்லிட்டேன். தறியில் உட்கார்ந்து பார்த்தால் அப்படி இல்ல. கட்டம் சதுரமா வரணும்னா ஒவ்வொரு ஊடையையும் ஒரே அழுத்தத்தில் அடிக்கணும். காலையில் இருக்கிற கை வேற, சாயங்காலம் அசந்த கை வேற. அழுத்தம் குறைஞ்சா கட்டம் நீண்டுடும், கூடினா சப்பையாகிடும். மயில் கொஞ்சம் குண்டா வந்தா யாருக்கும் தெரியாது. கட்டம் கோணினா கடைக்காரர் தூரத்திலிருந்தே கண்டுபிடிச்சிடுவார். ஊடையில் நிறம் மாறும்போது நாடாவும் மாறணும். கட்டம் சின்னதானால் அடிக்கடி மாற்ற வேண்டிவரும், நேரம் கூடும். கூலியோ சேலைக் கணக்குல. பழைய கண்டாங்கியில் கட்டங்கள் பெரிசா இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமா இருக்கும்னு நான் நினைக்கிறேன். அழகும் கூலியும் ஒரே இடத்துல சந்திச்சிருக்கு.

அப்புறம் அகலம். ஒரு கையால் நாடாவை எறிந்து மறுகையால் பிடிக்கிற பழைய தறியில், ஒரே ஆள் நெய்தால் துணியின் அகலம் கை எட்டும் தூரத்தைத் தாண்டாது. கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடுகிற முறையை இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-ல் கண்டுபிடித்தார். சென்னை மாகாணத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி அதைப் பரப்ப ரொம்ப முயற்சி எடுத்தார். கணுக்கால் தெரிகிற கண்டாங்கியின் ஸ்டைலுக்குப் பின்னால் ஒரு நெசவாளரின் கை நீளமும் இருந்திருக்கலாம்.

டிசைன்ல பாதி, பாவு ஓட்டும்போதே முடிஞ்சுடும். ஒரு பாவில் பல சேலைகள் நெய்யலாம். அது தீரும்வரை நீளவாக்குக் கோட்டையும் பார்டரையும் மாற்ற முடியாது. இன்னைக்கு ஒரு பொட்டிக் போன் பண்ணி, ‘அதே கட்டம்தான், பார்டர் மட்டும் பச்சை, ரெண்டே பீஸ் போதும்’னு கேட்டா, கேட்கிறவருக்கு அது சின்ன மாற்றம். நெசவாளருக்கு அது ஒரு முழுப் பாவு. இதோட, நூலைத் தார் சுற்றித் தருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் வயசானவங்களும். கூலிக் கணக்கில் அவங்களுக்குன்னு தனி வரி கிடையாது. சேலைக்குள்ளேயே அவங்க உழைப்பும் அடங்கிப் போயிடும்.

இது நெய்யற பக்கம். இப்போ ஆர்டர் கொடுத்த பக்கம்.

நகரத்தார் ஆண்கள் வட்டிக்கடை நடத்த பர்மா, இலங்கை, மலேயா என்று போனார்கள். பெட்டியடியில் வேலைக்குப் போகிறவருக்குப் பொதுவாக மூன்று வருஷக் கெடு. பெண்கள் ஊரில். வளவைச் சுற்றியிருந்த அறைகளில் சீர் சாமான்களை வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்தவர்கள் அவர்கள். வெள்ளி, பித்தளை, பீங்கான், எனாமல், கூடவே சேலைகள். ஆண்கள் ரங்கூனிலிருந்து தேக்கு அனுப்பினார்கள், பெல்ஜியம் கண்ணாடி வந்து இறங்கியது, அதெல்லாம் இப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அந்த வீட்டுக்குள்ள உடுத்த வேண்டிய துணியின் நிறம், கனம், பார்டர் இதெல்லாம் ஊரில் இருந்த பெண்களும் பக்கத்து நெசவாளர்களும் பேசி முடிவு பண்ணினது என்பது என் ஊகம். அப்படின்னா கண்டாங்கியோட டிசைனர்கள்னு சொல்ல வேண்டியது இந்த இரண்டு தரப்பையும்தான். இரண்டு பேருமே எங்கேயும் கையெழுத்துப் போடலை.

பிறகு பணம் போச்சு. 1930-களின் மந்தத்தில் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. வந்த நிலம் நிற்கவில்லை. 1942-ல் ஜப்பான் படை, 1948-ல் நிலத்தை தேசியமயமாக்கும் சட்டம், 1960-களில் நே வின் ராணுவ ஆட்சி. காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பூட்டிய வீடுகள் பெருகின. உள்ளே இருந்தது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் அந்த வரலாற்றை இன்னும் கடை கடையாகப் பார்க்கலாம்: கதவு, தூண், எனாமல் தூக்கு, ரவி வர்மா அச்சுப் படம்.

பருத்திச் சேலைக்கு மட்டும் அந்தத் தெருவில் பெரிய மதிப்பு வராது. தேக்குத் தூண் நூறு வருஷம் கழித்தும் தேக்குத் தூண். பருத்திச் சேலை நைந்தால் தொட்டில், பிறகு பிள்ளைக்குத் துணி, பிறகு அடுப்படியில் பிடிதுணி, கடைசியில் ஒன்றுமில்லை. வயலில் வேலை செய்தவளின் கண்டாங்கி ஒன்றுகூட நம்மிடம் ஒழுங்காக மிஞ்சாததற்குக் காரணம் அதுதான். அவளிடம் இருந்தது அதை உடுத்தியே தீர்த்துவிட்டாள். கட்டாமல் பெட்டகத்தில் வைக்கும் அளவுக்குச் சேலை வைத்திருந்தவர்களின் கண்டாங்கிதான் மிஞ்சியது. ‘செட்டிநாட்டு ஆச்சி சேலை’ என்ற அடையாளம் இவ்வளவு உறுதியானதற்கு இது பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன்.

இந்த நேரத்துல நாட்டுல துணி அரசியலாவும் இருந்தது. காந்தி மேல்சட்டையை விட்டது 1921 செப்டம்பர் 22, மதுரையில். 1927-ல் செட்டிநாட்டுக்கே வந்து கதர் நிதி திரட்டினார். ஆனா ஒரு நுணுக்கம் இருக்கு. கதருக்கு நூலையும் கையால் நூற்றிருக்க வேண்டும். கண்டாங்கி மாதிரியான கைத்தறிச் சேலைகள் மில் நூலை நம்பியவை. கையால் நெய்தாலும் அது கதர் இல்லை. தேசிய ஃபேஷன் வெள்ளையாக, சொரசொரப்பாக மாறியபோது, வண்ணக் கட்டம் நெய்தவர்கள் அந்தப் படத்துக்குள் வரவே இல்லை.

1935-ல் கோ-ஆப்டெக்ஸ் உருவானது. 1950-களின் தொடக்கத்தில் கைத்தறி தேங்கிக் கிடந்தபோது, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்கணும்னு ராஜாஜி கேட்டார். அண்ணாவும் தி.மு.க.வினரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். இரண்டு எதிரெதிர் கட்சிகள் ஒரே துணிக்காக நின்ற காலம். 1956-லிருந்து மத்திய அரசு நெசவாளர் சேவை மையங்களைத் திறந்தது. ஓவியர்களைச் சம்பளத்துக்கு எடுத்து, தறிக்கு டிசைன் போடச் சொன்னது. நவீன ஓவியர் ஆதிமூலம், காந்தி கோட்டோவியங்களுக்கும் சிறுபத்திரிகை அட்டைகளுக்கும் பெயர்போன அதே ஆதிமூலம், இந்த வேலையில்தான் இருந்தார். ‘டிசைனர் லேபிள்’ என்ற சொல் நம்ம ஊருக்கு வருவதற்கு முன்பே டிசைனர்கள் இருந்தார்கள். லேபிள்தான் இல்லை.

லேபிள்னு சொன்னதும், நம்ம கட்டத்துக்கு அமெரிக்காவில் கிடைத்த லேபிளைச் சொல்லணும். 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், கைத்தறி ஏற்றுமதியாளரான கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் சென்னைக் கட்டத் துணி வாங்கினார். பின்னால் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர்தான் இந்த நாயர். துணி ப்ரூக்ஸ் பிரதர்ஸுக்குப் போய்ச் சட்டையானது. தண்ணீரில் சாயம் போகும், தனியாகக் குளிர்ந்த நீரில் அலசணும் என்ற தகவல் மட்டும் வாங்கியவர்களுக்குப் போகவில்லை. வாஷிங் மெஷினில் போட்டவர்கள் கொதித்துப் போனார்கள். வழக்குப் போடும் பேச்சு வந்தது. கடைசியில் விளம்பரக்காரர்கள் புகுந்து, ‘சாயம் போவது உத்தரவாதம்’ என்று அதையே சிறப்பாகத் திருப்பிவிட்டார்கள். ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறும், உங்கள் சட்டை உங்களுக்கு மட்டுமே! நல்லா வித்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் ‘மெட்ராஸ்’ என்றால் கட்டம் போட்ட கோடைச் சட்டை. ஊர் பேரே 1996-ல் சென்னை என்று மாறிடுச்சு, சட்டை மாறலை. இந்தக் கதையில் நாயருக்குப் பேரு இருக்கு, ஜேக்கப்சனுக்கு இருக்கு, கடைக்கு இருக்கு. நெய்தவர் ஊர்கூடத் தெரியாது.

இதே மெட்ராஸ் கட்டம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அதற்கும் பல தலைமுறை முன்பே போயிருந்தது. நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் களபாரி மக்கள் ஒரு வேலை செஞ்சாங்க. வந்த துணியில் சில இழைகளை மட்டும் பிளேடால் அறுத்து, உருவி எடுத்து, கட்டத்துக்குள் புதுக் கோலம் கொண்டுவந்தார்கள். ‘பெலெத்தே பீத்தே’ன்னு அதற்குப் பேரு, வெட்டிய துணி. தமிழ்நாட்டில் ஒருவர் எண்ணி வைத்த இழைகளை நைஜீரியாவில் ஒரு பெண் எண்ணி எடுக்கிறாள். உடுத்துகிறவரும் டிசைனர்தான் என்பதற்கு எனக்குத் தெரிந்த அழகான உதாரணம் இது.

காரைக்குடிக்குத் திரும்புவோம். 2000-ஆம் ஆண்டு இரண்டு விதத்தில் முக்கியம். எஸ். முத்தையா, மீனாட்சி மெய்யப்பன், விசாலாட்சி ராமசாமி மூவரும் சேர்ந்து எழுதிய ‘தி செட்டியார் ஹெரிடேஜ்’ புத்தகம் அந்த ஆண்டு வந்தது. மீனாட்சி ஆச்சி காரைக்குடி ‘பங்களா’ ஹோட்டலை நடத்தி, செட்டிநாட்டை வெளியூர்க்காரங்க தேடி வருகிற இடமாக்கியவர். விசாலாட்சி ராமசாமி அதே சமயத்தில் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளையைத் தொடங்கினார். பனையோலையில் முடைகிற கொட்டானைச் செட்டிநாட்டுப் பெண்களைக் கொண்டே மறுபடி முடைய வைத்தார். அதற்கு யுனெஸ்கோவின் தரச்சான்று கிடைத்தது. கண்டாங்கியிலும் அதே வழி. பெட்டகத்தில் மிஞ்சியிருந்த பழைய சேலைகளை மாதிரியாக வைத்து, இந்தப் பகுதி நெசவாளர்களிடம் திரும்ப நெய்யக் கொடுத்தார்.

மறுபடி வந்த கண்டாங்கி பழைய கண்டாங்கியின் நகல் இல்ல. இப்போ சேலை கட்டுகிறவர் பாவாடை போட்டு, முன்கொசுவம் வைத்து, பாதம் வரை இறக்கிக் கட்டுகிறார். அதற்கு அகலம் கூட வேண்டும். அகலத்தைக் கூட்டினால் தறியில் அச்சு மாறணும். நூலும் மெல்லிசா வேணும், ஏ.சி. ஆபீஸில் ஒன்பது மணி நேரம் உடம்பில் இருக்கணும் இல்லையா? கட்டமும் நிறமும் பாட்டியோடது, உடம்புக் கணக்கு பேத்தியோடது. அந்த மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. மாத்தலைன்னா சேலை இன்னைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் இருந்திருக்கும், தறியில் இருந்திருக்காது. ஆனா அது ஒரு டிசைன் முடிவு. 2000-க்குப் பிறகு, பெயர் தெரிந்த மனிதர்கள் எடுத்த முடிவு. ‘காலங்காலமா இப்படித்தான்’ என்று லேபிளில் எழுதும்போது அவர்களுடைய உழைப்பும் சேர்ந்தே மறைஞ்சுடுது.

இது நம்ம ஊரு விஷயம் மட்டும் இல்ல. கிரீஸைப் பாருங்க. பழமையை விற்றே பெயர் எடுத்த நாடு. 1960-70-களில் யானிஸ் செக்லெனிஸ் என்ற டிசைனர் பண்டைய ஜாடி ஓவியங்களைத் துணியில் அச்சடித்து உலகம் பூரா அனுப்பினார். பிறகு 2010 வாக்கில் பெரிய கடன் நெருக்கடி, நாடே ஆடிப்போனது. அந்த நெருக்கடிக்கு நடுவில், 2012-ல், திமித்ரா கொலொதூரா, மரேவா க்ரபோவ்ஸ்கி என்ற இரண்டு பெண்கள் ‘ஜீயஸ் ப்ளஸ் டியோனி’ என்ற பிராண்டைத் தொடங்கினார்கள். மரேவா இப்போதைய பிரதமர் மித்சொதாக்கிஸின் மனைவி. உள்ளூர்க் கைத்தொழில்களைத் தேடிப் போனார்கள். பட்டுக்குப் போன இடம் சூஃப்ளி, துருக்கி எல்லையை ஒட்டிய சின்ன ஊர். ஒரு காலத்தில் பட்டில் கொழித்த ஊர் அது. 1920-களில் எல்லைக்கோடு மாறி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த மல்பெரித் தோட்டங்கள் துருக்கிக்குப் போனதும் சரிந்தது. எல்லை மாறியதால் சொத்தை இழந்த ஊர் என்று கேட்டதும் எனக்கு காரைக்குடிதான் ஞாபகம் வந்தது.

வித்தியாசமும் இருக்கு. ஜீயஸும் டியோனியும் கிரேக்கக் கடவுள்கள், ஹோமர் கணக்கில் அஃப்ரொதீத்தியின் அப்பா அம்மா. அந்தப் பிராண்டு கடவுள் பேரை எடுத்துக்கிட்டது. நாம அரண்மனையை எடுத்துக்கிட்டோம். பட்டு இழுக்கிற சூஃப்ளியின் பேரைச் சட்டை மேல பெரிசா யாரும் எழுதலை.

நம்ம ஊரில் ஊர் பேரு எழுத்துல வந்தது 2019 ஆகஸ்ட் கடைசியில். காரைக்குடி கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஜி.ஐ., கிடைத்தது. அதே சமயத்தில் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது. விண்ணப்பித்தது ‘அமரர் ராஜீவ் காந்தி கைத்தறி நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கம்’. ஒருவழியா நெசவாளர் தரப்பிலிருந்து ஒரு பேரு பதிவேட்டில் ஏறுச்சு, அதுவும் ஒரு பிரதமர் பேரா அமைஞ்சுடுச்சு! கிண்டல் இல்ல, அந்தச் சங்கம் விண்ணப்பிக்கலைன்னா அது நடந்தே இருக்காது. பதிவு விவரப்படி கண்டாங்கி தூய பருத்தி, கைத்தறி, நீளம் 5.10 முதல் 5.60 மீட்டர்.

இந்தச் சட்டம் எதைக் காக்குது? 1999-ல் இயற்றி 2003-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. காப்பது பெயரை. வேறு ஊரில் நெய்ததை ‘காரைக்குடி கண்டாங்கி’ என்று விற்கக்கூடாது. ஆனா கட்டத்தை அது காப்பதில்லை. விசைத்தறியில் அதே கறுப்பு–சிவப்புக் கட்டத்தை ஓட்டி ‘செக்டு காட்டன் சாரி’ன்னு வித்தா ஜி.ஐ. எதுவும் செய்ய முடியாது. கண்டாங்கிக்கு ஜக்கார்டு வேண்டாம், கணக்கு போதும்னு முன்னாடி சொன்னேன் இல்லையா? விசைத்தறிக்கும் அதே கணக்கு போதும். காப்பியடிக்க இதைவிடச் சுலபமான டிசைன் கிடையாது.

டிசைனுக்குன்னு தனிச் சட்டம் இருக்கே என்று கேட்கலாம். இருக்கு, 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டம். புதுமை இருந்தால்தான் பதிவு. பத்து வருஷம் பாதுகாப்பு, கூட ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். காலங்காலமா நெய்து வருகிற கட்டம் ‘புதுசு’ இல்லை, அதனால் பதிய முடியாது. அதே கட்டத்தை எடுத்து வித்தியாசம் தெரிகிற மாதிரி மாற்றி ஒரு பிராண்டு கொண்டு வந்தால், அந்தப் பிராண்டு பதியலாம். ‘அது பாரம்பரியம்ங்க’ என்ற பதில் சட்டத்துக்குள் போனதும் என்னவாகுது பாருங்க: பழையது யாருடையதும் இல்லை, புதியது கம்பெனியுடையது. நெசவாளர் இரண்டிலும் இல்லை.

கைத்தறிக்கென்று ஒதுக்கீட்டுச் சட்டமும் உண்டு, 1985-லிருந்து. தொடக்கத்தில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கினார்கள், பிறகு 11 ஆகக் குறைத்தார்கள். சேலை இன்னும் பட்டியலில் இருக்கு. எந்தப் பெரிய ஜவுளிக்கடைக்கும் போய் ஒரு சுத்து சுத்தினா அந்தச் சட்டம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுடும்.

கூலிக்கு வருவோம். 2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க சுமார் 31 லட்சம் குடும்பங்கள் இந்தத் தொழிலில் இருப்பது தெரிந்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஆள் ஒன்றுக்கு இல்ல, குடும்பத்துக்கு. வேலை செய்பவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். அந்தக் கணக்கெடுப்பு முடிந்த 2020-லேயே, ஜூலை மாதம், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை மத்திய அரசு கலைத்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஏன் தறியில் உட்காரலைன்னு கேட்கிற ஆட்களிடம் நான் இந்த 5,000 ரூபாயைத்தான் சொல்வேன். அந்தப் பிள்ளை கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலைக்குப் போனதுல எனக்கு வருத்தம் கிடையாது. வருத்தம், சேலையின் விலை ஏறினபோது கூலி கூடவே ஏறாததுல.

என்னிடம் பிராண்டுகள் மேல கோபம் எதுவும் இல்ல. அவங்க இல்லைன்னா உங்களுக்கும் எனக்கும் இந்தச் சேலை தெரிஞ்சிருக்காது. போட்டோவுக்குச் செலவு பண்ணி, வெப்சைட் நடத்தி, திருப்பி அனுப்பின பீஸை வாங்கிக்கிட்டு நஷ்டப்படறது அவங்கதான். நான் கேட்கிறது ஒரு துண்டுச் சீட்டு. எந்தச் சங்கம், எந்தத் தறி, நெய்தது யார், கூலி எவ்வளவு. இதுல நாலாவதை அச்சடிக்கச் சொன்னா பாதி பேர் போனை வெச்சுடுவாங்க, தெரியும்.

காரைக்குடி போறவங்களுக்கு ஒரு விஷயம். கடையில் சேலையைப் பிரித்து இரண்டு பக்கமும் பாருங்க. கைத்தறியில் கட்டத்தின் அளவு ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இம்மியளவாவது மாறும். கரையில் துணியை விரித்துப் பிடித்த ஊசித் துளைகள் தெரியும். எல்லாக் கட்டமும் அச்சடிச்ச மாதிரி ஒரே அளவா இருந்தா கொஞ்சம் யோசிங்க. அப்புறம் ‘எந்தச் சங்கத்துச் சரக்கு’ன்னு கேளுங்க. பதில் தெரிஞ்ச கடைக்காரர் உற்சாகமாயிடுவார், ஒரு காப்பி வரவெச்சு, இன்னும் நாலு சேலையைப் பிரிச்சுப் போட்டு, எந்தப் பார்டர் யார் தறியில் நல்லா வரும்னு சொல்ல ஆரம்பிச்சுடுவார். பதில் தெரியாதவர், ‘அது பாரம்பரியம்ங்க’ன்னு சொல்வார்.

அடுத்த எபிசோடு ஆத்தங்குடி. மாடல் செருப்பில்லாம நின்னாங்களே, அந்தத் தரை. கண்ணாடி மேல சிமெண்ட் ஊத்தி அதை எப்படி வார்க்கிறாங்க, அந்தப் பூவை யார் போட்டதுன்னு பேசுவோம்.